தாழியும் நாலு வயசுப் பிள்ளையும்

பால்வாடிப் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனா என்ன செய்யச் சொல்லலாம்னு சில டீச்சர்கள் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

வழக்கமா என்ன நடக்கும்? கோடு போட்ட ஒரு தாள், நாலு கிரேயான், மூணு பரிசு, ஒரு போட்டோ. கடைசியில் 'கலந்துகொண்டவர்கள் இத்தனை பேர்' என்று ஓர் அறிக்கை. நாலு வயசுப் பிள்ளை கோட்டுக்கு வெளியே போகாம கலர் அடிச்சிருந்தா, அநேகமா அம்மா கையைப் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்தத் தாளை வீட்டிலேயே அடிக்கலாமே, அதுக்கு எதுக்கு மியூசியம்?

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிடுங்க. நம்ம தாமிரபரணிக் கரையிலேயே அருமையான ஒண்ணு இருக்கு. 2004-ல் ஆதிச்சநல்லூர் அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைச்சது. அதில் ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், குட்டி முதலை. எல்லாமே வரைஞ்சது இல்லை, களிமண்ணால் ஒட்டினது. மண்ணை உருட்டிப் பாம்பு செய்யத் தெரிஞ்ச எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலை புரிஞ்சுரும்.

அந்த ஓட்டின் பெரிய படம் ஒண்ணு, காருகுறிச்சியில் பானை செய்றவங்ககிட்ட வாங்கின மண் கொஞ்சம், அது போதும். ஒரு தடவைக்கு எட்டுப் பிள்ளைகள், 40 நிமிஷம். முதல் 10 நிமிஷம் பார்க்க மட்டும். அப்புறம் ஆளுக்கொரு மண் தட்டை, அதன் மேல் ஒட்டட்டும். ஒட்டுற இடத்தில் மண்கூழ் தடவணும், இல்லேன்னா காய்ஞ்சதும் உதிர்ந்துரும்.

சிக்கல் தாழியில்தான். ஆதிச்சநல்லூரில் 2023-ல் திறந்த தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தளத்துக்குக் கீழேயே தாழிகள் தெரியும். "செத்தவங்க பானையை ஏன் பச்சப்பிள்ளைக்குக் காட்டுதீங்க?"ன்னு பெத்தவங்க கேப்பாங்க. நியாயமான கேள்வி. ஆனா பிள்ளை "உள்ள யாரு?"ன்னு கேட்டா, தண்ணிப்பானைன்னு மழுப்புறதில் எனக்கு உடன்பாடு இல்லை. "ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்க. சொந்தக்காரங்க சட்டியும் சாமானும் கூட வச்சாங்க" என்பேன். அதுக்கு மேல பிள்ளை கேட்டா மட்டும்.

சரி, பலன் இருந்ததான்னு எப்படிப் பார்க்கிறது? சிரிச்ச முகம், அழுத முகம் போட்ட தாள் வேண்டாம். இந்த வயசில் பெரும்பாலும் சிரிச்ச முகத்தைத்தான் தொடுவாங்க. பாடம் நடத்தாத ஒருத்தர் நோட்டோட நிக்கட்டும். யாரும் சொல்லாமலே பிள்ளை எங்க போய் நின்னது, என்ன சொன்னது? "கொக்கு மீனைத் தேடுது"ன்னா அப்படியே எழுதணும், அழகுபடுத்தக் கூடாது. பேசாத பிள்ளை ரெண்டு தடவை திரும்பி வந்து பார்த்தா அதையும் எழுதுங்க. எனக்கு அதுதான் பெரிய மார்க். ஒரு வாரம் கழிச்சு அங்கன்வாடி டீச்சர்கிட்ட, மண்ணில் விளையாடும்போது எதையாவது உருட்டி ஒட்டுதான்னு கேளுங்க.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. மத்த நாள்ல காலையிலேயே போயிருங்க, மதியம் ஆனா பாதிப் பிள்ளைக தூங்கிரும்.