மாறுவேடம் பூணும் மலேரியாக் கிருமி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் கண்டி மாநகருக்கு அணி செய்யும் மகாவலி கங்கை, 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தபோது வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியது. ஏனைய ஆறுகளும் அவ்வாறே வற்றின. அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்புகள் பெருகின. கண்டி, கேகாலை, குருநாகல் பகுதிகளை வாட்டிய மலேரியா, 1935ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் இலங்கையில் சுமார் 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணிக்கு இத்துணை வலிமை எங்ஙனம் வந்தது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

அவ்வலிமை அதன் புரதங்களில் உள்ளது. புரதம் என்பது அமினோ அமிலங்களாகிய மணிகள் கோத்த மாலை. ஒரு மணி மாறினும் அதன் தொழில் மாறக்கூடும்.

வைவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி, நமது இரத்தச் சிவப்பணுவின் மேலுள்ள டஃபி என்ற புரதத்தைப் பற்றியே பெரும்பாலும் உள்ளே புகுகிறது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போன்ற புரதம் அதனிடம் உண்டு. மேற்கு ஆபிரிக்க மக்களிற் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் அப்பூட்டு இல்லை. ஆதலால் அங்கே வைவாக்ஸ் அரிது.

பல்சிபாரம் என்னும் கொடிய வகையோ மாறுவேடத்தில் வல்லது. தான் புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் அது ஒரு புரதத்தை நிறுத்துகிறது. உடலின் காவற்படை அதனை இனங்கண்டு தாக்கும்போது, வேறு புரதத்தைப் போர்த்திய சில கிருமிகள் தப்பிப் பெருகுகின்றன. இதற்கென அதனிடம் சுமார் 60 ஜீன்கள் உள.

மருந்தையும் அது வென்றது. அதன் புரதமொன்றில் 424 மணிகள். 76ஆம் இடத்து லைசின் போய்த் திரியோனின் வந்ததே, குளோரோகுயினை வெளியேற்றும் ஆற்றலுக்கு முக்கிய காரணமாயிற்று.

இவையெல்லாம் கிருமி எண்ணித் துணிந்தவை அல்ல. அது பெருகும்போது தற்செயலாக மாற்றங்கள் நேர்கின்றன. பெரும்பாலானவை பயனற்றவை, பயன்பட்டது நிலைக்கிறது. மருந்தை அரைகுறையாக உண்பவர், அதனைத் தாங்கவல்ல கிருமிகளைத் தாமே தேர்ந்து வளர்ப்பவராவர்.

1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. காவல் தளர்ந்தது, 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் நெடுங்காலம் உழைத்து, 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றோம். எனினும் நோயைப் பரப்பும் நுளம்பு இங்கிருந்து அகலவில்லை.

ஆகவே இந்தியாவுக்குத் தல யாத்திரை செல்வோரும், ஆபிரிக்காவுக்குத் தொழில் நிமித்தம் செல்வோரும் புறப்படுமுன் வைத்திய ஆலோசனை பெறுக. திரும்பியபின் காய்ச்சல் கண்டால், சென்ற இடத்தைச் சொல்லி உடனே இரத்தப் பரிசோதனை செய்விக்க. இளைஞர்களே, இச்செய்தியை வீடுதோறும் சேர்ப்பது உங்கள் கடன். கிருமி ஓயாது மாறுகிறது. நாமும் ஓயாது விழித்திருப்போம்.