குழந்தையின் கேள்வியும் பெரியவர்களின் கடனும்

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "கவலையற்ற எளிய வாழ்வு" என்பதாகும். இதற்கு வழி கேட்டால் சாமியார் ஆசையை விடச் சொல்லுவார். ஜோசியர் பரிகாரம் செய்யச் சொல்லுவார். நான் உங்களை எதையும் விடச் சொல்லவோ, காசு செலவு செய்யச் சொல்லவோ வரவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் விளையாடுகிற ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு பாடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

அந்தப் பாடம் "ஏன்?" என்று கேட்பதுதான். குழந்தைக்கு வெட்கம் கிடையாது. ஊர் என்ன சொல்லும் என்கிற பயமும் கிடையாது. மாடு ஏன் அசை போடுகிறது என்று கேட்கிறது. அத்தை ஏன் பூ வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறது. அந்தத் தெருப் பிள்ளையோடு நான் ஏன் விளையாடக்கூடாது என்றும் கேட்கிறது. முதல் கேள்விக்குச் சிரிக்கிறோம். இரண்டாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோம். மூன்றாவதற்கு வாயில் அடிக்கிறோம். ஏன் அடிக்கிறோம்? கேள்வி தப்பு என்றா? நம்மிடம் யோக்கியமான பதில் இல்லை என்பதால்தானே! இப்படி அடிபட்டு அடங்கிப்போன குழந்தைக்குத்தான் "நல்ல பிள்ளை" என்று பேர் வைக்கிறோம். அப்படி நல்ல பிள்ளைகளாக்கப்பட்டவர்கள்தான் இங்கு உட்கார்ந்திருக்கும் நாமெல்லோரும்.

குழந்தைக் கேள்வியில் என்ன அறிவு இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மதுரையையே எடுத்துக்கொள்ளுவோம். சித்திரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் வைகைக் கரையில் கூடுகிறார்கள். தங்கை மீனாட்சியின் கலியாணத்துக்கு அழகர் மலையிலிருந்து வருகிறாராம். வருவதற்குள் தாலி கட்டியாகிவிடுகிறதாம். கோபித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி வண்டியூர் போய்விடுகிறாராம். தகப்பன் தோள்மேல் இருக்கும் குழந்தை, "போன வருஷமும் இப்படித்தானே ஆச்சு, இந்த வருஷம் ஒரு நாள் முன்னாலேயே புறப்பட்டால் என்ன, அப்பா?" என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? "சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?" என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? "சாமி குத்தம், பேசாதே" என்றுதானே!

ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது. மீனாட்சி கலியாணம் முன்னே மாசியில் நடந்து வந்தது. அழகர் தேனூரில் தனியாக ஆற்றில் இறங்கி வந்தார். 17ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் இரண்டு விழாவையும் சித்திரையில் மதுரையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்பதே ஆராய்ச்சிக்காரர்கள் கூறும் சரித்திரம். மாதம் மாறியும் வீதியின் பேர் மாறவில்லை. பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியை மதுரைக் காமராசர் பல்கலைக்கழகமே 1989இல் புத்தகமாக வெளியிட்டிருக்கிறது. வேண்டியவர்கள் படித்துப் பார்க்கலாம். ஆற்றிலே தண்ணீர் இல்லாத வருஷத்தில் தண்ணீர் எப்படி வருகிறது? 1959இல் திறந்த வைகை அணையிலிருந்து அதிகாரிகள் உத்தரவு போட்டுத் திறந்துவிட வருகிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் நமக்கென்ன லாபம்? லாபம் இருக்கிறது, தோழர்களே! சாமி கலியாணத்தின் மாதத்தையே ஒரு மனிதன் மாற்றியிருக்கும்போது, ஆசாமி கலியாணத்தின் செலவை நாம் மாற்றக்கூடாதா?

இந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பாருங்கள். காதுகுத்து, சடங்கு, கலியாணம், புதுவீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக விசேஷம். பந்தல், பிளெக்ஸ் போர்டு, கிடாவிருந்து. செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறோம். மொய் வந்தால் அடைத்துவிடலாம் என்கிறோம். மொய் என்பது என்ன? ஒருவர் கஷ்டத்துக்கு மற்றவர் கைகொடுப்பதானால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்று கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றி ரசீது கொடுக்கிறார்கள். ரசீது கொடுத்து வாங்குவது கடனல்லாமல் வேறென்ன? அதைத் திருப்பிச் செய்ய இன்னொரு கடன். கொடுத்ததை வாங்க இன்னொரு விசேஷம். "அக்காள் கலியாணத்துக்கு நிலத்தை ஏன் அடமானம் வைத்தாய், அப்பா?" என்று ஒரு பையன் கேட்டால், "ஊரார் சிரிப்பார்கள்" என்பதைத் தவிர நம்மிடம் வேறு பதில் உண்டா? ஊரார் ஒருநாள் சிரிப்பார்கள் என்பதற்காக நாம் பத்து வருஷம் அழுவதா?

இந்தக் கேள்வியை 1928லேயே கேட்டவர்கள் உண்டு. இங்கிருந்து தெற்கே, அருப்புக்கோட்டைப் பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் அந்த வருஷம் புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தது. "நமக்குப் புரியாத பாஷையில் நமக்கு ஏன் கலியாணம்?" என்பது குழந்தையும் கேட்கக்கூடிய கேள்விதானே! அதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய கலியாணம் சட்டப்படி செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அண்ணாதுரை ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, இனி நடப்பதோடு முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கிற்று.

அந்தச் சட்டம் கேட்பதென்ன? உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும். ஊரறியக் கூட்டம் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று உச்சநீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்துவிட்டது. 2009ஆம் வருஷச் சட்டப்படி கலியாணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டியது மாத்திரம் அவசியம். சட்டம் கேட்பது இரண்டு மாலை; நாம் கொடுப்பது இரண்டு ஏக்கர்! இதில் புத்திசாலி யார்?

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இரண்டே காரியம். ஒன்று, குழந்தை கேள்வி கேட்டால் அடிக்காதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் "எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்; அதில் அவமானமில்லை. இரண்டு, அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்குமுன், இது யாருக்காக, யார் பணத்தில், செய்யாவிட்டால் என்ன நஷ்டம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சரியாயிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அப்படி விட்டது ஒவ்வொன்றும் உங்கள் தலையிலிருந்து இறங்கிய ஒரு சுமையாகும்.

நான் சொன்னதையும் "ஏன்?" என்று கேட்டுப் பார்த்தே ஒப்புக்கொள்ளுங்கள்.