கிட்டவா, தூரமா? கணினிப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வது எப்படி?

(உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்காக நாம் நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறை என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்று பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி எடுத்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கணினி படிக்க வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் நம்மிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "கிட்ட இருக்கிற இடத்துக்கு அனுப்புவதா, தூரத்துக்கு அனுப்புவதா?"

முதலில் 'கிட்ட' என்றால் என்ன என்று பார்ப்போம். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைக்குப் பேராதனை கிட்டத்தான். ஆனால் தினமும் போய்வர முடியுமா? முடியாது. அங்கேயும் தங்கித்தான் படிக்க வேண்டும். யாழ்ப்பாணம் போனாலும் தங்கித்தான் படிக்க வேண்டும். சோற்றுச் செலவு, தங்கும் செலவு இரண்டிலும் உண்டு. வித்தியாசம், விடுமுறைக்கு வீடு வந்து போகும் பஸ் காசுதான். அந்தக் காசுக்காக நல்ல பாடநெறியை விட்டுவிடக் கூடாது என்பதே இன்று நாம் சொல்ல வந்த விடயம்.

அரச பல்கலைக்கழகம் எந்த மூலையில் இருந்தாலும் கற்பித்தல் கட்டணம் இல்லை. மகாபொல அல்லது பர்சரி கிடைத்தால் மாதாந்தம் ஒரு தொகையும் வரும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது முழுச் செலவுக்கும் போதாதுதான். ஆனாலும் பெரிய கைத்தாங்கல். விடுதியையும் பெரும்பாலும் முதலாம் வருடத்தாருக்கும் தூரத்திலிருந்து வருவோருக்கும்தான் முதலில் கொடுப்பார்கள்.

இதற்கு மறுபக்கம், பக்கத்து நகரத்திலேயே பெனர் கட்டி அழைக்கும் தனியார் நிறுவனம். கணினிப் பட்டத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் கேட்பது இன்று சாதாரணம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி பத்து இலட்சம் என்பது 740 நாள் உழைப்பாக இருந்தது. ஒரு சதம் சாப்பிடாமல், மாதம் 25 பேர் போட்டாலும் இரண்டரை வருடம். அப்பா ஓய்வு பெற்று எடுத்த சேமலாப நிதியும் அம்மாவின் நகையும் அதிலே போய்விடும். வீட்டுக்குக் கிட்ட என்று நினைத்த இடம்தான் கடைசியில் எட்டாத இடமாகிறது.

இனி, இடம் எப்படிக் கிடைக்கிறது என்று சொல்கிறோம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக உண்டு. நுவரெலியாவும் பதுளையும் அதில் அடங்கும். கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத பாடநெறி, அதே புள்ளிக்கு நமது பிள்ளைக்குக் கிடைக்கலாம். "நமக்கெல்லாம் மொறட்டுவை கிடைக்குமா" என்று நாமே வெட்டிவிடாமல், சென்ற ஆண்டுகளில் உங்கள் மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும்போது, உண்மையில் விரும்புவதையே முதலில் எழுதுங்கள். வரிசையில் மேலிருந்து பார்த்து, புள்ளி எட்டுகிற முதலாவது இடத்தைத்தான் தருவார்கள். கடினமானதை மேலே போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கிட்ட இருக்கிறது என்று விருப்பமில்லாத ஒன்றை மேலே போட்டால், அதுதான் கிடைக்கும்.

கணினிப் படிப்பு ஒரே பெயரில் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் கணினி விஞ்ஞானமும் தகவல் முறைமைகளும் உள்ளன. மொறட்டுவையில் தகவல் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. பேராதனையில் பொறியியல் பீடத்தின் வழியாகக் கணினிப் பொறியியல் படிக்கலாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ, வடக்கில் யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கில் திருகோணமலை வளாகம் ஆகியவற்றிலும் கணினிப் பாடநெறிகள் உண்டு. உயர்தரத்தில் எடுத்த பாடங்களைப் பொறுத்தே எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது அமையும். தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்குத் தனியான பாடநெறிகள் உண்டு. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. அதை ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

எங்கே போனாலும் இந்தப் படிப்பு ஆங்கிலத்தில்தான். யாழ்ப்பாணம் போனால் தமிழில் படிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சுற்றிலும் தமிழ் பேசுவோர் இருப்பது ஆறுதல், பாடம் ஆங்கிலம். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். மடிக்கணினி ஒன்றுக்கும் இப்போதிருந்தே காசு சேருங்கள்.

மகளை அனுப்பப் பயப்படும் பெற்றோர்களே, உங்கள் பயம் நமக்குப் புரிகிறது. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஏதாவது நடந்தால் மறைக்காமல் நம்மிடம் சொல்லுங்கள், நாம் கூட வருகிறோம். ஆனால் பயத்தினால் பதிவு செய்யாமல் விட்டால், அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். மகனை அனுப்பும் தூரத்துக்கு மகளையும் அனுப்புங்கள்.

கடல் தாண்டிய வழியும் ஒன்று உண்டு. இந்திய அரசின் ராஜீவ் காந்தி புலமைப்பரிசில், இலங்கை மாணவர்கள் இந்தியாவில் தகவல் தொழில்நுட்பப் பட்டம் படிப்பதற்கானது. கட்டணத்தோடு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. உள்நாட்டில் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு, இந்திய உயர் ஸ்தானிகராலயத்தோடு இணைந்த தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உதவித்தொகை தருகிறது. அறிவித்தல் வரும்போது பத்திரிகையைக் கவனியுங்கள்.

புள்ளி எட்டாத பிள்ளைகளே, கதவு மூடிவிடவில்லை. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவை முழுநேரமாக இலவசமாகப் படிக்கலாம். கண்டியிலும் பதுளையிலும் அவை உள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை, வீட்டிலிருந்தபடியே, வேலை செய்துகொண்டே படிக்கலாம். தனியார் நிறுவனம்தான் என்று முடிவெடுத்தால், காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி வருடம் வரை மொத்தம் எவ்வளவு? பட்டத்தை வழங்குவது யார், மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? இடையில் நின்றால் கட்டிய காசு என்னாகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அரசின் வட்டியில்லாக் கடனுக்குத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள்.

தோழர்களே, ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளை போனால், அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகள் போவார்கள். பல்கலைக்கழகம் பார்த்த ஆள் வீட்டில் இல்லாததால்தான் தூரம் பெரிதாகத் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தன் தோட்டத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமது பிள்ளைகளோடு அவர்களைத் தொடர்புபடுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், வருமானச் சான்று ஆகியவற்றில் பெயர், முகவரிப் பிழை இருந்தால் இப்போதே திருத்த வேண்டும். கடைசி நாளில் ஓடினால் காரியாலயம் பூட்டியிருக்கும்.

சம்பளத்துக்காக நாம் தனித்தனியாகக் கேட்டதில்லை, சேர்ந்துதான் கேட்டோம். பிள்ளைகளை அனுப்புவதையும் சேர்ந்தே செய்வோம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் நமது மாவட்டக் காரியாலயத்துக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.