குப்பியா, குழலா?



மேடையிற் பேசத்தகாத பொருள் இது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மலம், குடல் என்னுஞ் சொற்களை மிஷன் பாடசாலையில் உடற்கூற்றுப் படத்தின் கீழே அழகாக எழுதிப் புள்ளி வாங்கிய நாம், வீட்டுத் திண்ணையில் அவற்றைச் சொல்ல நாணுகின்றோம். அந்த நாணத்துக்கு எமது குடும்பம் விலை கொடுத்தது. எமது பெரியப்பா இரத்தம் போவதை மூலம் என்றெண்ணி ஒரு வருடத்துக்கு மேலாக மறைத்து வைத்தார். வைத்தியரிடம் போனபோது பெருங்குடற் புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது.

இரத்தங் கண்டவர் உடனே வைத்தியரிடம் போகவேண்டும்; அங்கே தெரிவுக்கு இடமில்லை. நாம் பேச வந்தது, நோய்க்குறி ஏதுமின்றி ஐம்பதைத் தொட்டவர்கள் செய்துகொள்ளும் முற்பரிசோதனையைப் பற்றி. இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரிற் சிறு முளையாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் சத்தமின்றி வளர்வது. முளையாக இருக்கும்போதே அகற்றினால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

வழிகள் பல, முக்கியமானவை இரண்டு. ஒன்று குப்பி. வீட்டில் மலத்திற் சிறிது எடுத்து அடைத்துக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை ஆய்வுகூடத்திற் காண்பர். யப்பான் தேசம் 1992 முதல், 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இதனையே நடத்தி வருகின்றது. ஆண்டுதோறுமோ ஈராண்டுக்கு ஒருமுறையோ செய்யவேண்டும். மற்றது குழல். பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவியபின், கமரா பொருத்திய குழலைச் செலுத்தி முழுவதையும் பார்ப்பர். முளை கண்டால் அப்போதே எடுப்பர். ஒன்றுமில்லையெனிற் பொதுவாகப் 10 ஆண்டுகளுக்கு மீண்டும் வேண்டியதில்லை. அரிதாகக் குடல் துளைபடுதலும் உண்டு என்பதை மறைக்கலாகாது.

குழலே மேலானது என்பர் பலர். ஆனால் மக்கள் அதற்கு வருகிறார்களா? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிற் செய்த ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. குழலை மட்டுமே சொன்னபோது நூற்றுக்கு 38 பேர் செய்தனர். மலப் பரிசோதனையை மட்டும் சொன்னபோது 67 பேர். இரண்டையும் முன்வைத்து, "உமக்கு எது விருப்பம்?" என்று கேட்டபோது 69 பேர். குப்பிக் கட்சிக்கு வெற்றி என்று துள்ளவேண்டாம்! மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஆண்டுதோறும் தவறாது மலப் பரிசோதனை செய்தவர் நூற்றுக்கு 14 பேரே. எளிதானதை எளிதில் மறந்துவிடுகின்றோம் போலும்.

இலங்கையில் இந்நோய்க்கு ஊர்தோறும் அழைத்துப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் இன்னும் இல்லை. ஆகவே நாமே வைத்தியரைக் கேட்கவேண்டும். அதற்கு முன் வீட்டாரைக் கேட்கவேண்டும். நாம் கேட்டோம். மாமா தயங்காமல், "குழல்தான் தம்பி. ஒருக்காப் பட்டுப்போட்டுப் பத்து வருசம் நிம்மதியா இருக்கலாம்" என்றார். அம்மாவோ, "பேதி மருந்தைக் குடிச்சுப்போட்டு பஸ்ஸிலை பண்ணைப் பாலம் தாண்டேலுமோ?" என்று கேட்டார். சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றது. குழல் விடும் நாட்காலையிலும் மருந்து குடிக்கச் சொல்வதுண்டு. நாரந்தனையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் எமக்கே இப்பாடு என்றால், நெடுந்தீவுத் தாயொருத்தி கடலைக் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும். பட்டணத்திலிருந்து நூல் எழுதுவோர் இதனை எண்ணியிரார்.

அம்மா குப்பியைத் தெரிந்தார். ஒன்றை மட்டும் அப்போதே சொல்லிவைத்தோம்: குப்பியில் இரத்தங் கண்டால் அது புற்றுநோய் என்று பொருளல்ல, ஆனால் குழலுக்குப் போயே ஆகவேண்டும், போகாவிடிற் குப்பி கொடுத்ததே வீண். பெரியப்பாவின் நினைவு வந்ததோ என்னவோ, அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பிடியெண்டால் முதல் நாளே யாழ்ப்பாணம் போய்ச் சின்னம்மா வீட்டிலை நிக்கிறன். அவவிட்டைக் கேட்டு வை" என்றார்.

கேட்டு வைத்திருக்கிறோம்.