எந்த டயாலிசிஸ் என்று நாமும் கேட்க வேண்டும்



சம்பளம், பேர், கொழுந்து நிறை பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்று கிட்னி பற்றிப் பேசுகிறோம். சீனி வியாதியையும் பிரஷரையும் கவனிக்காமல் விட்டால் அவை மெதுவாகக் கிட்னியைக் கெடுத்துவிடும். கிட்னி செயலிழந்தால் கழிவும் மிகுதித் தண்ணீரும் உடம்பிலேயே தங்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்த, பொருந்தக்கூடிய கொடையாளி கிடைக்க வேண்டும். அதுவரை டயாலிசிஸ்தான் உயிரைத் தாங்குகிறது.

டயாலிசிஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஆஸ்பத்திரி மெசின்தான் ஞாபகம் வரும். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, மெசினில் இரத்தத்தைச் சுத்திகரிப்பது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணித்தியாலம் ஆகும். இதற்காகக் கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து ஒரு சிறிய சத்திரசிகிச்சை செய்வார்கள். அது பழுத்துப் பாவனைக்கு வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, ஊசி போடவோ, பாரம் தூக்கவோ கூடாது.

இரண்டாவது, வயிற்று வழியாகச் செய்வது. நம் வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வே இங்கே வடிகட்டி. வயிற்றில் ஒரு சிறிய குழாயை நிரந்தரமாக வைத்து, அதன் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் கழித்து வெளியே எடுப்பார்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு 4 தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடலாம். கையால் மாற்றும் இம்முறைக்கு மின்சாரம் தேவையில்லை. பயிற்சி பெற்ற பின் நோயாளியே வீட்டில் செய்யலாம்.

சரியாகச் செய்தால் இரண்டும் உயிரைக் காக்கும். ஆகவே எது நம் உடம்புக்கும் வீட்டுக்கும் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

முதலில் பாதையைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் என்றால் மாதத்தில் 12, 13 நாள் டவுனுக்குப் போய்வர வேண்டும். நோயாளியோடு துணைக்கு வருபவரின் பேரும் போகும். மழைக்காலத்தில் மேல் டிவிஷனிலிருந்து விடியற்காலை இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வகையில் வயிற்று டயாலிசிஸ் நமக்கு வசதி.

பிறகு வீட்டைப் பாருங்கள். 2 லீற்றர் பை நாளுக்கு 4 என்றால் மாதத்துக்கு 120 பை. ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அவற்றை எங்கே அடுக்குவது? திரவம் மாற்றும்போது சவர்க்காரம் போட்டுக் கை கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டு, அடுப்புப் புகையும் தூசியும் இல்லாத மூலையில் உட்கார வேண்டும். கிருமி உள்ளே போனால் வயிற்றுச் சவ்வு அழற்சி வரும். வெளியே வரும் திரவம் கலங்கினால், வயிறு வலித்தால், காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

உடம்பும் முக்கியம். முன்பு வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் வயிற்று வழி ஒத்துவராமல் போகலாம். அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சீனி வியாதிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இருதயம் பலவீனமானவர்களுக்கு மெசின் வழி கடினமாகலாம். இதைக் கிளினிக் வைத்தியர்தான் சொல்ல முடியும். ஆனால் நாம் கேட்டால்தான் விளக்கமாகச் சொல்ல அவருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

அதனால் மூச்சு முட்டி, கால் வீங்கி அவசரத்தில் கொண்டுபோகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கிட்னி பலவீனம் என்று சொன்ன உடனேயே மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு இரண்டு வழியும் பொருந்துமா? பக்கத்தில் எந்த வைத்தியசாலையில் எந்த வழி இருக்கிறது? ஒன்று சரிவராவிட்டால் மற்றதற்கு மாறலாமா? சிங்களம் தெரியாதவர்கள் படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலையாட்டிவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

செலவுக்கு உதவியும் உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கான அஸ்வெசும கொடுப்பனவு பற்றியும் ஜனாதிபதி நிதியம் பற்றியும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வைத்தியத்துக்கு முன்கூட்டியே எடுக்க நிபந்தனைகளுடன் சட்டம் இடமளிக்கிறது. அது வயதான காலத்துக் காசு. குடும்பமாகக் கூடிப் பேசியபின் கைவையுங்கள்.

தோழர்களே, ஒரு தாய்க்கு வயிற்று வழிதான் நல்லது என்று வைத்தியர் சொல்லியும், காம்பராவில் இடமும் குழாய்த் தண்ணீரும் இல்லை என்பதற்காக அது கைவிடப்பட்டால், அது விதி அல்ல. லயத்தில் சுத்தமான தண்ணீர், இஸ்தோப்பில் ஒரு மூலையை அடைத்துத் தர அனுமதி, டயாலிசிஸ் நாளில் தோட்ட வாகனம், பாரம் தூக்க முடியாதவருக்கு இலேசான வேலை: இந்த நான்கையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். உங்கள் லயத்தில் கிட்னி நோயாளி இருந்தால், அவர் சம்மதத்தோடு தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ சொல்லுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தக் கோரிக்கைகளோடு வருவோம்.