திரும்பி வராத அடையாளச் சீட்டு



விடை சொன்ன மறுகணமே கேட்டவரை அடியோடு மறந்துவிடும் எழுத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வலைத்தளத்தை நடத்தும் வழங்கிக் கணினியின் இயல்பும் அதுவே. எச்.டி.டி.பி. என்னும் நெறியில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனி. இம்மறதிக்கு மருந்தாக 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுலி வகுத்ததே 'குக்கீ'. வழங்கி தரும் சிறு சீட்டை உலாவி வைத்திருந்து, அடுத்த முறை காட்டும். சீட்டை ஏற்காத உலாவிகளுக்கு வேறொரு வழியுண்டு. பக்கத்திலுள்ள இணைப்புகளின் முகவரியோடு அடையாள எண்ணை ஒட்டிவிடுவர். டாம்கேட் போன்ற ஜாவா வழங்கிகளில் முகவரியின் வாலாகத் தோன்றும் 'ஜேசெஷன்ஐடி' அதுதான்.

நான் அறிந்த ஒரு கல்லூரியின் விண்ணப்பத் தளத்தில் விந்தையான குறை ஒன்று எழுந்தது. சில இணைப்புகளைத் தொட்டால் விண்ணப்பம் தொடரும். வேறு சிலவற்றைத் தொட்டால் நிரப்பியவை யாவும் மறைந்து, மீண்டும் பெயரைக் கேட்கும். "உங்கள் உலாவி குக்கீயைத் தடுக்கிறது" என்று மாணவரையே குறை கூறினர். பழியைக் கேட்பவர் தலையில் சுமத்துவது எளிதல்லவா?

உண்மையைக் காண இரண்டு வினாக்கள் போதும். சீட்டு தரப்பட்டதா? திரும்பி வந்ததா? உலாவியிலேயே உள்ள ஆய்வுக் கருவியைத் திறந்து, போக்குவரத்தை நோக்கினோம். தரப்பட்டது, திரும்பவில்லை. ஏன்? ஒவ்வொரு சீட்டிலும் அது செல்லும் பாதை குறிக்கப்பட்டிருக்கும். டாம்கேட்டுக்கு முன்னே அப்பாச்சி வழங்கி வாயிற்காவலாக நின்று, வெளியே ஒரு பாதையையும் உள்ளே மற்றொரு பாதையையும் வழங்கியது. சீட்டிலோ உள்பாதை எழுதப்பட்டிருந்தது. வெளிப்பாதையில் நிற்கும் உலாவி, 'இது இவ்விடத்துக்கு உரியதன்று' என்று அதைக் காட்டாமல் விட்டது. அது பிழையன்று, விதியைக் காத்த செயல்.

சீட்டு வராமையால் வழங்கி முகவரியில் எண்ணை ஒட்டியது. நிரலின் வழியே எழுதப்பட்ட இணைப்புகள் அவ்வெண்ணைப் பெற்றன. கையால் எழுதப்பட்டவை பெறவில்லை. பாதி இணைப்பு பிழைத்ததும் பாதி இறந்ததும் இதனால்தான்.

இதினும் கொடியது ஒன்று இருந்தது. ஒரு மாணவர் தம் பக்கத்தின் முகவரியைத் தோழருக்கு அனுப்பினார். எண்ணும் உடன் சென்றது. தோழர் திறந்ததும் கண்டது அவருடைய மதிப்பெண்களையும் வீட்டு முகவரியையும்! கடவுச்சொல் எவரும் கேட்கவில்லை.

மருந்து எளியது. அப்பாச்சியின் அமைப்பில், குக்கீயின் உள்பாதையை வெளிப்பாதையாக மாற்றும் ஒரே வரியைச் சேர்த்தோம். சீட்டு திரும்பி வரத் தொடங்கியது. பின்னர் குக்கீ ஒன்றையே நம்புமாறு டாம்கேட்டைப் பணித்தோம். 2009இல் வந்த சர்வ்லெட் 3.0 விதிகள் அதற்கு இடந்தருகின்றன. குக்கீயை மெய்யாகவே தடுப்போருக்கு மட்டும், அதனை அனுமதிக்குமாறு முதற்பக்கத்தில் ஓர் அறிவிப்பு வைத்தோம்.