ரேடியேட்டர் ஒழுகினால் வீட்டில் என்ன செய்யலாம்?



ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுக்கப் போகிறீர்கள். முன்பக்கம் தரையில் ஈரம். முந்தைய நாள் ஏசி ஓடியிருந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும். அது நிறமில்லாத வெறும் தண்ணீர், கவலை வேண்டாம். ஆனால் பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் தெரிந்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் அது கூலன்ட். ரேடியேட்டரிலோ அதன் ஹோஸிலோ எங்கோ ஒழுகுகிறது. பட்டறை திறக்க மறுநாள் ஆகும். அதுவரை நாமே என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

வண்டி ஓடி நின்றிருந்தால் முதல் வேலை காத்திருப்பது. ஓடும் இன்ஜினில் கூலன்ட் 90 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் அது கொதிக்காது. பிரஷர் குக்கர் மாதிரிதான். ஆவி அடங்காமல் குக்கரைத் திறப்போமா? சூட்டோடு இந்த மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். சாவியை எடுத்துவிட்டு பானட்டைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸை வெறுங்கையால் நிம்மதியாகப் பிடிக்க முடிந்த பிறகே, தடித்த துணி போட்டு மூடியை மெல்லத் திருப்புங்கள்.

அடுத்து, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை படிந்திருக்கும். ஹோஸ் முனைகளில் உள்ள கிளிப், ஹோஸின் வளைவுகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பு, அடியில் உள்ள வடிகால் திருகு. பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

கிளிப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் முடுக்கினால் போதும். ஹோஸின் முனை மட்டும் கிழிந்திருந்து, நீளமும் தாராளமாக இருந்தால், கிழிந்த துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டி கிளிப்பை இறுக்கலாம். நடுவில் வெடிப்பு என்றால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றுங்கள். மின்வயருக்குச் சுற்றும் டேப் இந்தச் சூட்டில் கழன்றுவிடும்.

பிளாஸ்டிக் டேங்க்கில் கீறல் இருந்தால், கூலன்ட்டைக் கீறலுக்குக் கீழே இறங்கும்வரை வடித்து, இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பாகமாக வரும் எபாக்ஸியைக் கலந்து பூசலாம். சூடு தாங்குமா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். காய அதில் எழுதியுள்ள நேரம் முழுவதும் விடுங்கள். அவசரப்பட்டால் அழுத்தம் ஏறியதும் பிய்ந்துவிடும்.

அலுமினியக் குழாய்களில் ஊசித்துளை என்றால், உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஒழுகல் அடைப்புத் திரவத்தை அதில் எழுதியுள்ள அளவில் மட்டும் ஊற்றலாம். மஞ்சள்தூள் போடும் பழக்கம் ஓட்டுநர்களிடம் நெடுநாளாக உண்டு. தூள் துளையில் போய்ச் சிக்கி அடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இன்றைய ரேடியேட்டர் குழாய்கள் மிகவும் குறுகலானவை. துளையை அடைக்கும் தூள் நல்ல குழாயையும் அடைக்கும். ஆளில்லாத சாலையில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நினையுங்கள்.

இவையெல்லாம் ஏன் தற்காலிகம்? அம்பாசிடர் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். மறுபடி ஆண்டுக்கணக்கில் ஓடியது. இப்போதுள்ள பிளாஸ்டிக் டேங்க் ஒருமுறை வெடித்துவிட்டால் ஒட்டு நிலைக்காது. பட்டறைக்குப் போகும் தூரத்துக்குத்தான் அந்த ஒட்டு.

அந்தத் தூரத்தையும் கவனமாக ஓட்டுங்கள். கூலன்ட்டை நிரப்பி, கேனில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். வெப்பமானியின் முள் ஏறினால் ஹீட்டரை முழுதாகப் போட்டு, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டால் முள்ளே தவறாகக் காட்டக்கூடும் என்பதால், புறப்பட்ட சிறிது தூரத்திலேயே நிறுத்தி அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கொதித்துப்போன இன்ஜினில் பச்சைத்தண்ணீரை ஊற்றாதீர்கள்; உலோகம் விரிசல் விடக்கூடும். இன்ஜின் ஆயில் பால்போல் மாறியிருந்தாலோ, சூடேறிய பிறகும் புகைபோக்கியில் வெண்புகை நிற்காமல் வந்தாலோ கோளாறு இன்ஜினுக்குள்ளே இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பான நஞ்சு. கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கக்கூடும். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தை விரலை வாயில் வைத்துவிடும். சிந்தியதை மணல் போட்டு உடனே அள்ளுங்கள். வடித்ததைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பெயர் எழுதிய கேனில் மூடி, பட்டறையில் கொடுங்கள்.

ஒழுகல் நின்றுவிட்டதே என்று பட்டறைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், நேயர்களே. புது ரேடியேட்டருக்கு ஆகும் செலவைவிட, சூட்டில் வளைந்த இன்ஜின் ஹெட்டுக்கு ஆகும் செலவு பல மடங்கு. இன்று ஒட்டியதை நாளையே மாற்றிவிடுங்கள்.